குடும்ப வண்டியும் அதைப் பேணும் முறையும்
(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நான் இன்று பேசப் புகும் விஷயம் நூதனமானதன்று. தங்கள் வீட்டு வாசலில் தாங்கள் பிரதி தினமும் காணும் ஒரு வஸ்துவைப் பற்றியதே. குடும்பத்துக்கென்று ஒரு வாகனம் என்றவுடன் பட்டணத்தார் மோட்டார் காரை நினைப்பார்கள். கிராமத்திலும் மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் ஏராளமாக வந்துவிட்டன. ஆயினும், குப்பைமேட்டு எருவை வயலுக்கும், வயலில் விளைந்ததைக் களத்துக்கும், களத்து வைக்கோலை வீட்டுக்கும் கொண்டுசேர்க்க இரட்டை மாட்டு வண்டியையே நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வண்டிகளின் தொகை குறைந்துவிட்டதனாலேயே இதைப் பற்றிப் பேசுவது முன்னிலும் அவசியமாயிற்று. முற்காலத்தில் ஊருக்கு ஊர் தச்சரும் கொல்லரும் இருந்தார்கள். வண்டிக்குடையவன் கவனியாமல் விட்டதை அவர்கள் கவனித்து, இன்ன குறை இருக்கிறதென்று எடுத்துச் சொல்லுவார்கள். இப்போது அநேக ஊர்களில் அவ்விருவரும் இல்லை. ஆகையால் உடையவனே தன் வண்டியை அறிந்திருக்க வேண்டும்.

மாடு வாங்கக் கடன் கொடுப்பது நம்முடைய சங்கங்களின் பழைய வழக்கம். கடன் மனுவில் மாட்டின் விலை, அதன் வயது, பல், நிறம் எல்லாம் எழுதப்படும். அந்த மாடு எந்த வண்டியில் பூட்டப்படப் போகிறது, அவ்வண்டியின் சக்கரம் எந்த ஸ்திதியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இது பெரிய குறை. ஏனெனில், பேணாத வண்டி முதலில் தான் முறிவதில்லை. மாட்டை முறித்துவிட்டுப் பிறகுதான் முறியும். அச்சில் மை இல்லாவிட்டாலும், பட்டை தளர்ந்திருந்தாலும், பாரம் தவறாக ஏற்றப்பட்டிருந்தாலும், அந்தச் செலவு முழுவதும் மாட்டின் கழுத்தின் மேல்தான் எழுதப்படுகிறது. மூன்று வருஷத்தில் கிழடாகிவிட்டதென்று அடிமாட்டு விலைக்கு விற்கப்படும் எருதுகளில் எத்தனையோ, நல்ல வண்டியில் பூட்டியிருந்தால் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். வாங்கிய கடன் தீருமுன் மாடு தீர்ந்துபோவதைக் காட்டிலும் ஒரு குடும்பத்துக்கு வேறென்ன நஷ்டம் வேண்டும்?

முதலாவது, பாரம் ஏற்றும் விதத்தைச் சொல்லுகிறேன். இதற்குக் காலணா செலவில்லை. கவனம் ஒன்றே வேண்டும். இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு போன்றது. அச்சே அதன் நடு. அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் அது நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தை அழுத்தும். இதை முன்பாரம் என்கிறோம். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், இது பின்பாரம். இரண்டும் கெடுதிதான், ஆனால் பின்பாரம் உடனே தெரிந்துவிடும், மாடு திணறும். முன்பாரமோ வெளிக்குத் தெரியாது. மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசாமல் இழுத்துச் செல்லும். வண்டிக்காரனும் நல்ல மாடு என்று மெச்சிக்கொள்வான்.

ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். அச்சிலிருந்து நுகத்தடி வரையில் 10 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுவோம். 75 கிலோ எடையுள்ள ஒரு நெல் மூட்டையை, அச்சுக்கு நேராக வைப்பதற்குப் பதில் 2 அடி முன்னே தள்ளி வைத்தால், கழுத்துகளின் மேல் 15 கிலோ அதிகமாகிறது. நான்கு மூட்டைகளை அவ்விதம் வைத்தால் 60 கிலோ. ஒரு முழு ஆள் நுகத்தடியின்மேல் உட்கார்ந்து வருவதற்கு இது சமானம். மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டால் போதுமென்று அவசரப்படுகிறவர்கள் இந்த ஆளைத் தங்கள் மாட்டின்மேல் ஏற்றுகிறார்கள் என்பதை அறிவதில்லை.

ஆதலால் பாரம் ஏற்றி முடிந்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன், ஒருவர் நுகத்தடியைத் தம் இரு கைகளாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருவரால் வருத்தமின்றித் தூக்கக்கூடிய அளவு முன்பாரம் இருப்பது சரி. கொஞ்சமும் கனமின்றித் தானே மேலெழும்பினால் பின்பாரம். இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தால் மூட்டைகளை இறக்கி மாற்றி வையுங்கள். சோம்பல்பட வேண்டாம்.

வைக்கோல், கரும்பு, விறகு முதலிய உயரமான பாரங்களில் இன்னொரு விசேஷமும் உண்டு. சமதரையில் சரியாக நின்ற பாரம், மேட்டில் ஏறும்போது பின்னால் சாயும். இறக்கத்தில் முன்னால் சாயும். பாரம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இந்தச் சாய்வும் அதிகம். நம் முன்னோர்கள் ஏற்றத்தில் ஏர்க்காலின் மேல் முன்தள்ளி உட்காருவதும், இறக்கத்தில் பின்னால் போய் நிற்பதும் இதனாலேயே. அவர்கள் கணித சாஸ்திரம் படிக்கவில்லை; மாட்டின் கழுத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இந்நாளில் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜோடி மாடுகளில் ஒன்று பலத்தில் குறைந்ததாயிருந்தால், ஏர்க்காலை நுகத்தடியோடு பிணைக்கும் இடத்தை ஓரிரு விரற்கடை பலமுள்ள மாட்டின் பக்கமாகத் தள்ளிக் கட்டினால், பலவீனமான மாட்டுக்குப் பளு குறையும். நுகத்தடி வழவழப்பாயும் உருண்டையாயும், கழுத்தில் படியும் இடம் அகலமாயும் இருக்க வேண்டும். குறுகிய கட்டையானால் பாரமெல்லாம் ஒரே கோட்டில் அழுத்தி, தோல் கன்றி, வீங்கி, நுகத்தடிப் புண்ணாய் முடியும். மழையில் நனைந்த கழுத்து இன்னும் சீக்கிரம் புண்ணாகும். வீக்கம் கண்ட அன்றே மாட்டை அவிழ்த்துவிட்டு ஓய்வு கொடுத்துக் கால்நடை வைத்தியரிடம் காட்டினால் சில தினங்களில் குணமாகக் கூடும். துணியைச் சுற்றி மறுபடியும் பூட்டினால் நாள்பட்டுக் கட்டியாகி, சஸ்திர சிகிச்சையில்தான் தீரும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமஸ்வாமி அவர்கள் நம் தேசத்து மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் சீர்திருத்த வேண்டுமென்று நெடுங்காலம் உழைத்தார். நிர்வாக சாஸ்திரம் போதிக்கும் பெரிய கலாசாலையின் தலைவர் மாட்டுக் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டாரென்றால், அதில் நாம் வெட்கப்பட வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். கட்டை வண்டிச் சக்கரம் குடம், ஆரக்கால், வட்டை என்னும் மர உறுப்புகளால் ஆனது. பெரும்பாலும் 12 ஆரக்கால்களும் 6 வட்டைகளும் இருக்கும். இவற்றை ஆணியோ பசையோ சேர்த்து வைத்திருப்பதில்லை. வெளியே சுற்றியிருக்கும் இரும்புப் பட்டை ஒன்றே எல்லாவற்றையும் உள்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டை தளர்ந்தால் சக்கரமே இல்லை, விறகுக் கட்டுதான்.

பட்டை கட்டும் தொழில் மிகவும் நுட்பமானது. 5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15 அடி 8 அங்குலம். கொல்லர் பட்டையை அதைவிடச் சற்றுக் குறைவான சுற்றளவில் வளைத்துப் பற்றவைப்பார். அவ்வளவு நீள இரும்பு, 100 டிகிரி சூடு ஏறினால் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும். வறட்டியை அடுக்கி மூட்டிய தீயில் செந்நிறம் காணும் வரையில், அதாவது 500 டிகிரிக்கு மேல், காய்ந்தால் ஓர் அங்குலத்துக்கு மேலும் நீளும். அந்த நிலையில் நாலைந்து பேர் கொறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் பொருத்தி, சம்மட்டியால் தட்டி இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டைகள் நெருங்கி, ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகும். அந்தச் சப்தத்தைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. அளவு அதிகமாகக் குறைந்த பட்டையைக் கட்டினாலோ சக்கரம் கிண்ணம்போல் ஒருபுறம் குழிந்துவிடும். ஆகவே இதில் கைதேர்ந்தவரைத்தான் நாட வேண்டும். கூலியில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று.

பட்டை கட்டத் தகுந்த காலம் எது? மரம் நன்றாய் உலர்ந்திருக்கும் சித்திரை வைகாசி மாதங்களே. ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த சக்கரத்துக்குக் கட்டிய பட்டை, அடுத்த கோடையில் மரம் வற்றியவுடன் தானே தளர்ந்துபோம். கோடையில் தளர்ந்த சக்கரத்தைக் கழற்றிக் குளத்தில் போட்டு ஊறவைப்பது பலருடைய வழக்கம். அவசரத்துக்கு ஒரு நடை போய்வர இது உதவும், வைத்தியமாகாது. ஊறிய மரம் பருக்க இடமின்றி இரும்போடு மோதி நசுங்குகிறது. மறுபடி உலரும்போது முன்னிருந்த அளவைவிடக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை குளத்தில் போடும்போதும் சக்கரம் சிறிது செத்துப்போகிறதென்றே சொல்லலாம். பட்டைக்கும் வட்டைக்கும் நடுவே ஆப்பு அடிப்பதும் தகரம் செருகுவதும் இதைவிடக் கெடுதி. முழுப் பாரமும் அந்த ஓரிடத்தில் விழுந்து வட்டை பிளக்கும். பட்டையின் மேல் சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். இறுகிய இடத்தில் கணீரென்னும். தளர்ந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். இந்தப் பரீட்சைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

அச்சுக்கு மை போடுவதை எல்லாரும் அறிவீர்கள். வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்த மையானாலும், கடையில் வாங்கும் கிரீஸானாலும், பழைய மையைத் துணியால் சுத்தமாய்த் துடைத்தெடுத்த பின்பே புதியதைப் பூச வேண்டும். பழையதில் மணல் கலந்திருக்கும். மணல் கலந்த மை அச்சைத் தேய்க்கும் அரம். கழிவு எஞ்சின் எண்ணெய் நீர்த்தது. ஒரு நடைக்குள் வழிந்துபோம். வண்டி கிறீச்சிடும் ஓசையைச் சங்கீதமாக ரசிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அது இரும்பும் இரும்பும் தின்றுகொள்ளும் ஓசை. மை போடும்போதே கடையாணியைக் கழற்றித் தேய்மானம் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் தீட்டச் செலவிடுகிறவர் கடையாணியை வருஷத்துக்கொரு முறையாவது பார்க்கலாகாதா?

இப்போது பல கிராமங்களில் டயர் வண்டியே மிகுதி. காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு 1888-ஆம் வருஷத்தில் உரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர். தம் மகனுடைய சிறு சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று அவர் முயன்றதன் பலன், இன்று நம் எருதுகளுக்குக் கிடைத்திருக்கிறது. டயர் வண்டி மணலிலும் மிருதுவான தரையிலும் புதையாமல் ஓடும், ரஸ்தாவையும் கெடுக்காது, அதே மாடு அதிகப் பாரத்தை எளிதாக இழுக்கும். இதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த எளிமையிலேயே இரண்டு அபாயங்கள் மறைந்திருக்கின்றன.

ஒன்று, எளிதாக ஓடுகிறதென்று பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. சமதரையில் மாடு இழுத்துவிடும். சிறு மேட்டில் சறுக்கி முழங்கால் ஊன்றி விழும். மற்றொன்று, இறக்கத்தில் நேர்வது. கட்டை வண்டி இறக்கத்தில் தானே தயங்கும். டயர் வண்டி தயங்காது. பாரம் முழுவதும் மாட்டைப் பின்னாலிருந்து தள்ளும். கொம்பிலும் கழுத்திலும் அவ்வளவையும் தாங்கி நிற்க எந்த மாட்டாலும் முடியாது. ஆகையால் பிரேக்குக் கட்டை இல்லாத டயர் வண்டியை ஏரிக்கரை, ஆற்றுப் பாலம் முதலிய இறக்கமுள்ள வழியில் ஓட்டவே கூடாது. இரண்டு சக்கரத்தையும் சமமாகப் பிடிக்கிற பிரேக்கு வேண்டும். கட்டை தேய்ந்திருக்கிறதா என்பதை இறக்கத்தின் உச்சியில் அல்ல, வீட்டிலேயே பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தை மாத்திரம் சங்கிலியால் கட்டி இழுத்துச் செல்லும் வழக்கம், வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும்.

நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் லாரியில் கழித்த பழைய டயரே வருகிறது. அதை வாங்குவதிலும் ஒரு முறை உண்டு. டயரின் பக்கத்தில் சிறிய வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின் இரண்டும் எந்த வருஷம் என்பதையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது. மேலே பூ நன்றாயிருந்தாலும் வயதான ரப்பர் பக்கங்களில் நரம்பு நரம்பாக வெடித்திருக்கும். கையால் அழுத்தி வளைத்துப் பார்த்தால் தெரியும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாய்க் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

காற்றைக் காலை வேளையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் அளவு அது தாங்கக்கூடிய உச்சம், அதைத் தாண்டலாகாது. இருபுறமும் சமமான காற்று இருப்பது முக்கியம். ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். மறுபக்கத்து மாடும் இந்தப் பக்கத்து மாடும் ஓயாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதாகும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து, உள்ளே நூல் அறுந்துபோகும். கருவேல முள்ளுக்குப் பயந்து கூடுதலாய்க் காற்றடிப்பவர்களும் இருக்கிறார்கள்; முள் அதற்காகத் திரும்பிப் போவதில்லை. வால்வின் மூடியை மாத்திரம் தவறாமல் போடுங்கள். மண் புகுந்து காற்று இறங்குவது அதனால் தடைப்படும்.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய லாரிச் சக்கரங்கள் சிலவற்றில் டயரைப் பிடித்துக்கொள்ள ஒரு தனி இரும்பு வளையம் உண்டு. அது துருப்பிடித்தோ சரியாக உட்காராமலோ இருந்தால், காற்றடிக்கும்போது பீரங்கிக் குண்டுபோல் தெறிக்கும். இதனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டதுண்டு. வளையமுள்ள சக்கரத்துக்கு எதிரே நின்றோ குனிந்தோ காற்றடிக்கலாகாது. பக்கவாட்டில் விலகி, நீண்ட குழாயை மாட்டி, வளையத்தின்மேல் கனத்த சங்கிலியைச் சுற்றிய பின்பே காற்று விட வேண்டும். குழந்தைகள் அவ்விடத்தில் இருக்கவே கூடாது.

குழந்தைகள் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. அவிழ்த்துவிட்ட வண்டி அவர்களுக்கு ஊஞ்சல். பின்னால் இரண்டு பேர் ஏறினால் ஏர்க்கால் மேலே பறக்கும். இறங்கினால் அதே வேகத்தில் கீழே வந்து விழும். ஆகையால் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே மாட்டை அவிழ்க்க வேண்டும். சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும். பெண்டிர் பிரயாணம் செய்யும்போது சேலைத் தலைப்பு சக்கரத்தின் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

சேற்றில் இறங்கிய வண்டியைக் கட்டி இழுக்கும் சமயத்தில் அநேக விபத்துகள் நேருகின்றன. மாட்டை அடித்து அடித்து எழுப்புவதில் பிரயோஜனமில்லை. முதலில் பாதிப் பாரத்தை இறக்குங்கள். பிறகு ஆட்கள் வண்டியின் பின்புறத்தைத் தள்ளாமல், சக்கரங்களின் உச்சியைப் பிடித்து முன்னே தள்ளட்டும். உச்சியில் தள்ளும் ஒருவரின் பலம், பின்னால் தள்ளும் இருவரின் பலத்துக்குச் சமம். கையை வட்டையின்மேல் வைக்க வேண்டுமேயன்றி ஆரக்கால்களுக்கு நடுவே விடக்கூடாது. அப்படியும் எழாமல் டிராக்டரால் இழுக்க நேர்ந்தால், மாடுகளை அவிழ்த்து அப்பால் கொண்டுபோய்விட்டு, கயிற்றை ஏர்க்கால் நுனியில் கட்டாமல் அச்சிலேயே இருபுறமும் சமமாகக் கட்டி, வெட்டி இழுக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும். இழுபடும் கயிற்றின் அருகில் ஒருவரும் நிற்கலாகாது. அறுந்த கயிறு சாட்டையைவிடக் கொடியது.

கரும்பு வெட்டுக் காலத்தில் பாரவண்டியின் ஏர்க்காலை டிராக்டரின் பின்னால் கட்டிக்கொண்டு ரஸ்தாவில் விரைவதைச் சில இடங்களில் காண்கிறோம். மாட்டு வண்டி மணிக்கு 3, 4 கிலோமீட்டர் நடைக்கென்று செய்யப்பட்டது. அதை 20 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் அச்சு காய்ந்து மை உருகி வழியும். கடையாணி அதிர்ந்து வெளியேறும். டிராக்டர் நிற்கும்போது வண்டி நில்லாமல் மேலே வந்து மோதும். திருப்பத்தில் உயரமான பாரம் கவிழ்ந்து, பின்னால் சைக்கிளில் வருகிறவனை மூடும். இதில் மிச்சமாகும் நேரம் சொற்பம். அவ்வண்டியின்மேல் ஆட்களை ஏற்றுவது அதைவிடத் துணிச்சல். மாறாக, வாய்க்காலில் சிக்கிய மோட்டார் காரை நம் மாடுகளைக் கொண்டு இழுத்துவிட யாரேனும் வேண்டினால், உதவி செய்யுங்கள். ஆனால் காரின் சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் மிகவும் கனத்துப்போகும் என்பதைப் பட்டணத்துக் காரோட்டிகளே பலர் அறியார்கள்.

கடைசியாகவும் எல்லாவற்றிலும் முக்கியமாகவும் சொல்ல வேண்டியது இராப் பிரயாணம். முற்காலத்தில் வண்டிக்காரன் வண்டியில் படுத்து உறங்குவான். மாடு வழி தெரிந்து தானே வீடு சேர்க்கும். அந்தச் சுகம் இன்றைய தார் ரஸ்தாவில் யமனுக்கு அழைப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. தாழ்த்திய விளக்கின் வெளிச்சத்தில் ஓட்டுகிறவனுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் தூரந்தான் நன்றாய்த் தெரியும். அவன் கண்டு, காலைப் பிரேக்கில் வைத்து, வாகனம் நிற்பதற்கு 70 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே விளக்கில்லாத வண்டியை அவன் கண்ட பிறகு, அவன் எவ்வளவு யோக்கியனாயிருந்தாலும், மோதாமல் இருக்க முடியாது. எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் 50 மீட்டரும் இல்லை.

அநேகர் அச்சுக்கடியில் ஒரு ஹரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, விளக்கு வைத்துவிட்டோம் என்று திருப்தியடைகிறார்கள். வண்டிக்குப் பின்னால் ஆறடி நீண்டு தொங்கும் கரும்புத் தோகை அவ்விளக்கை முற்றிலும் மறைத்துவிடுகிறது. பின்னால் வருகிறவனுக்குத் தோகைதான் முதல் எதிரி. அதன் நுனியில்தான் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். மின்கலத்தில் எரியும் சிறிய சிவப்பு விளக்குகள் மலிவாகவே கிடைக்கின்றன. அத்துடன் ஒளியைத் திருப்பியனுப்பும் சிவப்புப் பட்டைகளை வண்டியின் பின்குறுக்குக் கட்டையிலும், இரு ஓரங்களிலும், சக்கரத்தின் பக்கங்களிலும் ஒட்டுங்கள். முன்புறத்தில் வெள்ளைப் பட்டை ஒட்ட வேண்டும். மண்ணும் சாணமும் படிந்த பட்டை ஒளிராது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். பாரம் அதை மறைக்கிறதா என்று, பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கில்லாவிட்டால் மறுநாள் காலையில் போகலாம், ஆலைக்காரர் காத்திருப்பார்.

வேலை நேரத்தைப் பற்றிய சட்டத்தையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். மத்திய சர்க்கார் 1965-ஆம் வருஷத்தில் வெளியிட்ட இழுவை மற்றும் பொதி மிருகங்கள் பற்றிய விதிகளின்படி, ஒரு மாட்டை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேற்படலாகாது. உஷ்ணம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. தார்க்குச்சியில் முள் வைப்பதும் குற்றம். வண்டியின் தரத்துக்கும் மாட்டின் எடைக்கும் தக்கபடி பாரத்துக்கும் வரம்பு விதித்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வைப்பது நலம். நம் ஜில்லாக்களில் சித்திரை வெயிலில் 37 டிகிரி என்பது சாதாரணம். லாடம் தேய்ந்த காலோடு கொதிக்கும் தாரில் நடக்கும் மாட்டைப் பார்த்தால் சட்டம் எழுதினவர்களின் மனது விளங்கும்.

இவை எல்லாவற்றையும் தனிக் குடும்பமாகச் செய்வது சிரமமென்று சிலர் சொல்லலாம். அதற்காகத்தானே சங்கம் இருக்கிறது? ஜாக்கி ஒன்று, காற்றளக்கும் கருவி ஒன்று, பம்பு, டயர் நெம்பும் கம்பிகள், ஒட்டுப்போடும் சாமான்கள், ஒளிர் பட்டைச் சுருள் ஒன்று. இவற்றைச் சங்கமே வாங்கி வைத்துக்கொண்டு, அங்கத்தினர்களுக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுக்கலாம். பட்டை கட்டுவதற்கு வைகாசியில் ஒரு நாள் குறித்து, அடுத்த ஊர்க் கொல்லரையும் தச்சரையும் வரவழைத்து, எல்லார் சக்கரங்களையும் ஒரே நாளில் கட்டிவிடலாம். ஒரு சக்கரத்துக்கு மூட்டும் தீயும் பத்துச் சக்கரத்துக்கு மூட்டும் தீயும் செலவில் வெகுவாக வித்தியாசப்படா. அந்நாளில் இளைஞர் நாலு பேர் கூடவிருந்து வேலையைக் கற்றுக்கொண்டால், அக்கொல்லருக்குப் பின்பும் அத்தொழில் இவ்வூரில் இருக்கும். மாட்டுக் கடன் மனுவிலும் ஒரு வரி சேர்க்கும்படி நிர்வாகக் கமிட்டியாரை வேண்டுகிறேன்: வண்டியின் நுகத்தடி, பட்டை, பிரேக்கு, பின்விளக்கு ஆகியவற்றை இன்னார் பார்த்தார் என்பதே அது.

வெளியே புளியமரத்தடியில் நாலைந்து வண்டிகள் நிற்கின்றன. கூட்டம் கலைந்ததும் அவற்றில் ஒன்றில் மூட்டை ஏற்றி, நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கலாமென்று உத்தேசம். சந்தேகங்கள் இருந்தால் அங்கே கேட்கலாம்.